அதாவதுக்காரர் அரண்மனைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

மனிதர்களில் அதாவதுக்காரர் என்று ஒரு வகை உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. உங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். உங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். உங்கள் சம்பந்தி வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லி உங்கள் குடும்பத்தில் கலகம் மூட்ட நான் விரும்பவில்லை.

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் ஏற்கெனவே வாயில் போட்டுவிட்ட பிரியாணியைப் பற்றி, அதில் போட்ட அரிசி எது, அது ஏன் உதிரியாக நிற்கிறது, எந்த அடுப்பில் வைத்தால் நிற்காது என்று நீங்கள் கை கழுவுகிற குழாய் வரை கூடவே வந்து சொல்பவர்; ஆஸ்பத்திரியில் டாக்டர் “சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது” என்று சொல்லி முடிப்பதற்குள், அந்த டாக்டருக்கே சர்க்கரை என்றால் என்ன என்று விளக்கத் தொடங்குபவர்; ரயில் காட்பாடிக்கு வெளியே சும்மா நின்றால், “அரக்கோணத்துல இன்னா நடந்திருக்கும்னா” என்று பெட்டி முழுவதற்கும் காரணம் விநியோகிப்பவர்; இவர்தான் அவர். பெண்களிலும் இந்த வகை உண்டு. ஆனால் அவர்களுக்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

இவருக்கு ஒரு கூவல் உண்டு. தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, உங்களைவிட அரை அடி முன்னால் வந்து நின்று, “அதாவது இன்னான்னா” என்பார். அவ்வளவுதான். அதன்பிறகு நீங்கள் தப்பிக்க முடியாது. விளக்கப்படாமல் ஒரு பொருள் உலகத்தில் கிடப்பது, யாரோ குழாயை மூடாமல் போய்விட்ட மாதிரி அவரை உறுத்தும். அவர் போய் மூடியாக வேண்டும். தெரியுமா தெரியாதா என்பது வேறு விஷயம். அவர் ஒருபோதும் அந்தக் கேள்விக்குள் போனதில்லை.

நேற்று வரைக்கும் இவர்களைக் கல்யாணத்திலும் சாவு வீட்டிலும்தான் கூட்டமாகப் பார்க்க முடியும். இப்போது எங்கள் பக்கத்தில் அவர்களுக்கென்றே ஓர் இடம் திறந்திருக்கிறார்கள். வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் நெடுஞ்சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, பாலாற்றைப் பார்த்தபடி ஒரு பழைய அரண்மனை. எந்தக் காலத்திலோ ஒரு ஜாகிர்தார் வாழ்ந்தார். அப்புறம் பத்திரப் பதிவு ஆபீஸ் வாழ்ந்தது. அப்புறம் நெல் மூட்டை வாழ்ந்தது, அப்புறம் வௌவால். நான்கு வருஷம் முன்னால் ஒரு கலை அறக்கட்டளை அதை எடுத்து, வௌவாலைக் காலி செய்து, சுண்ணாம்பு பூசி, நவீனக் கலைக்கூடம் ஆக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாவட்டத்துக்காரர்களுக்கு அனுமதி இலவசம். உள்ளே இருக்கிற எதுவும் பார்த்தவுடன் என்ன என்று விளங்காது. அதாவதுக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் பார்த்த மாதிரியைச் சொல்கிறேன். பெயர் செல்வகுமார். ஆம்பூரில் என் பக்கத்து வீடு. பெரிய ஷூ கம்பெனி ஒன்றில் ஷிப்பிங் செக்‌ஷன். இருபத்தெட்டு வருஷமாகத் தோல் எத்தனை சதுர அடி, ஷூ எத்தனை ஜோடி என்று காகிதத்தில் எழுதிக் கப்பலேற்றியவர். தோலைக் கையால் தொட்ட நாள் அவர் சர்வீஸில் ஒன்றோ இரண்டோ இருக்கும். அவர் மனைவி ஜோதி வேறொரு கம்பெனியில் செக்கிங். பத்தொன்பது வருஷமாக நாளெல்லாம் நின்றுகொண்டு, ஒவ்வொரு தோலாக விரித்து, கட்டை விரலால் அழுத்தி, பழுது இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, கட்டிங்குக்கு அனுப்புவது அந்த அம்மாளின் வேலை. அந்த வட்டத்துக்குள் கத்தி போகக் கூடாது. வீட்டில் தோலைப் பற்றிப் பேசுபவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், சௌமியா. எம்.ஏ. வரலாறு படித்தவள். அந்த அரண்மனையில் வழிகாட்டியாக வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, மூன்று மாதமும் சோதனைக் காலம். வழிகாட்டி என்றால் கையில் பிரம்பு வைத்துக்கொண்டு வருஷமும் பெயரும் ஒப்பிப்பவர் என்று நினைக்காதீர்கள். அங்கே சட்டம் தலைகீழ். வழிகாட்டி எதையும் விளக்கக் கூடாது. வருபவரிடம், “உங்களுக்கு இதுல என்ன தெரியுது?” என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. செய்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

அறக்கட்டளையின் பொறுப்பாளர் ஜோயா என்ற பேர்ணாம்பட்டுப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், அதிர்ந்து பேச மாட்டாள், ஆனால் கண் எல்லா இடத்திலும் இருக்கும். சோதனைக் காலத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை சௌமியாவின் கூடத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்ப்பேன், வந்தவர்கள் பேசுகிறார்களா என்று பார்ப்பேன், அன்று சாயங்காலமே முடிவு சொல்லிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். முடிவு சரியில்லை என்றால் என்ன ஆகும்? செல்வகுமார் ஏற்கெனவே கம்பெனியில் சொல்லி வைத்துவிட்டார். திங்கள்கிழமையிலிருந்து ஷிப்பிங் செக்‌ஷன். அப்பாவுக்கு அடுத்த நாற்காலி. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். நினைத்துப் பாருங்கள்.

வியாழக்கிழமை அந்தப் பெண் எங்கள் வீட்டுச் சுவருக்குக் கேட்கிற மாதிரி கெஞ்சினாள்.

“ப்பா, ஞாயித்துக்கெழமை மட்டும் வராதப்பா. அப்புறமா நீ டெய்லி வா.”

“இன்னாம்மா இப்டி சொல்ற. உனக்கு முக்கியமான நாளு. கூட்டம் சேரலன்னா மேடம் இன்னா நினைப்பாங்க? நான் வர்றேன், நாலு பேருக்குப் புரியற மாதிரி சொன்னா உனக்குத்தானே நல்ல பேரு?”

“நீ சொல்லக் கூடாதுப்பா. யாருமே சொல்லக் கூடாது. அதான் ரூல்ஸு.”

“அதாவது இன்னான்னா...” என்று அவர் தொடங்கினார். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வகையில் கெட்டவர்களே கிடையாது, அதுதான் தொந்தரவு. மகளுக்கு நல்ல வேலை நிலைக்க வேண்டும் என்று அந்த மனிதர் சோளிங்கர் மலைக்கு அத்தனை படியும் ஏறி வேண்டிக்கொண்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை சட்டையை இஸ்திரி போட்டு, ஜோதியை அவசரப்படுத்தி, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நான் எதற்கு? அதாவதுக்காரருக்குத் தலையாட்ட ஒரு ஆள் வேண்டும். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கால் வலிக்காரன். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் உட்கார இடம் எங்கே என்பதுதான் என் முதல் கேள்வி. அரண்மனையில் சாய்ந்து உட்கார ஓரிடமும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்களாவது ஏமாறாதீர்கள்.

முதல் கூடம் ஜாகிர்தாரின் தர்பார். உயரமான கூரை, வளைவு வளைவாகத் தூண்கள். நடுவில் ஆள் உயரத்துக்கு உப்பு கொட்டி வைத்திருந்தார்கள். வெறும் உப்பு. ஓரமாக ஒரு சின்னப் பலகை, அதில் ‘பெயரிடப்படாதது’.

செல்வகுமார் செருமினார். கைகள் பின்னால் போயின.

“அதாவது இன்னான்னா சார், உப்புச் சத்தியாகிரகம். அன்னைக்கி வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டான். இன்னைக்கி நமக்கு ஜிஎஸ்டி. இவன் ரெண்டையும் ஒண்ணா கொட்டி வெச்சிருக்கான். பேரு வெக்கல பாத்தீங்களா? வெச்சா கேஸு போடுவான்.”

பின்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் இதை போனில் எழுதிக்கொண்டார்கள். ஜோதி அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பச்சைத் தோலு கெடாம இருக்க குடோன்ல உப்ப இப்டித்தான் கொட்டியிருப்பாங்க,” என்றார் என்னிடம், மெதுவாக. “வாசனைதான் இல்ல.”

நான் அந்த உப்பை இன்னொரு தடவை பார்த்தேன். பார்த்து முடிப்பதற்குள் செல்வகுமார் என் முழங்கையைப் பிடித்து அடுத்த கூடத்துக்கு நகர்த்திவிட்டார்.

அங்கே சுவரில் கறுப்பாக ஏழு படங்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அவை ஏழுக்கும் சேர்த்து மனிதனின் ஏழு பருவம் என்று அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார். அவரை இழுத்தது மூலையில் இருந்த வேறொன்று. தரையில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக அதில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

“இதான் சார் இங்க இருக்கறதுலயே டாப். அதாவது இன்னான்னா, பாலாறு. ஒரு காலத்துல ஆறு, இப்ப சொட்டு. கீழ வாளி வெச்சது யாரு? நம்ம ஜனங்க. கலரு பாருங்க, நீலம். யோசிக்காம வெச்சிருப்பானா?”

ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் படம் எடுத்தார். அப்போது துப்புரவு வேலை செய்கிற முத்துமாரி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

“கொஞ்சம் நகுந்துக்கோங்க சார். ரொம்பிடுச்சி. ராத்திரி மழையில மேல ஒழுகுது.”

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கூட்டம் செல்வகுமாரைப் பார்த்தது. நீங்களும் நானும் என்றால் அந்த இடத்திலேயே தரையைப் பார்த்திருப்போம். அவர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

“பாத்தீங்களா? அந்தம்மாவும் இதுல ஒரு பார்ட்டு,” என்றார்.

கூட்டம் தலையாட்டியது. அதாவதுக்காரரை எதுவும் தோற்கடிக்காது என்பதை அன்றுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது கூடம் சௌமியாவுடையது. ஒரு காலத்தில் அரண்மனைப் பெண்கள் இருந்த பகுதி. மரச் சட்டங்கள் வைத்த ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் கோடு கோடாக விழும். கூரையிலிருந்து பன்னிரண்டு மாட்டுத் தோல்கள் கயிற்றில் தொங்கின. பதனிட்ட தோல், சாயம் ஏற்றாதது, முழுத் தோல். பெங்களூரில் இருக்கும் ஒரு கலைஞர் செய்தது என்று பலகை சொன்னது. ‘தொடாதீர்கள்’ என்றும் சொன்னது.

சௌமியா கழுத்தில் அட்டை தொங்க, நடுவில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. வாசல் வளைவில் ஜோயா, மார்பில் ஒரு நோட்டை அணைத்துக்கொண்டு நின்றாள். சரியாக அந்த நேரத்தில் ஷூ கம்பெனிப் பெண்கள் பதினைந்து பேர் உள்ளே வந்தார்கள். ஒரு வேன் பிடித்து, சுற்றுலா மாதிரி வந்தவர்கள். மெர்சி என்று ஒரு பெண் முன்னால் நின்றாள், மற்றவர்கள் அவள் பின்னால் ஒண்டிக்கொண்டார்கள். எங்கே நிற்பது, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்ற கூச்சம் எல்லார் முகத்திலும் இருந்தது.

சௌமியா அவர்களிடம் போய்ச் சிரித்தாள். “வாங்கக்கா. உங்களுக்கு இதுல என்ன தெரியுது?”

மெர்சி அண்ணாந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். உதடு பிரிந்ததை நானே பார்த்தேன்.

“அதாவது இன்னான்னா,” என்றது என் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

மெர்சியின் வாய் மூடிக்கொண்டது.

“பன்னெண்டு தோலு. வருஷத்துக்குப் பன்னெண்டு மாசம். ஒவ்வொரு மாசமும் மனுஷன் தோலு உரியுது. விலைவாசி. சரியா?”

பதினைந்து பேரும் சரி என்று தலையாட்டினார்கள். சௌமியா அடுத்த தோலுக்கு நகர்ந்து மறுபடி கேட்டாள். மறுபடி அவர். ஒரு பெரியவர் பேரனோடு வந்தார், அவரிடம் கேட்டாள். பெரியவர் “இது பாக்க...” என்றார், மீதியைச் செல்வகுமார் சொன்னார். அரை மணி நேரத்தில் அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் செல்வகுமாரைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். அவர் நடுவில், முதுகுக்குப் பின்னால் கை கோத்து, ஜாகிர்தார் போலவே இருந்தார். அவ்வப்போது மகளைப் பார்த்து, எப்படிக் கூட்டம் சேர்த்துவிட்டேன் பார் என்று கண்ணாலேயே சொன்னார். சௌமியா ஜன்னலோரமாகத் தனியாக நின்று அட்டையின் நாடாவைத் திருகிக்கொண்டிருந்தாள். ஜோயா நோட்டில் எதையோ எழுதினாள். எனக்கு அந்த மனிதரை வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விடலாமா என்று கோபம் வந்தது. போனேனா? இல்லை. அவர் பேன்ட் போட்டிருந்தார் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

எல்லாரும் அந்தப் பக்கம் இருந்ததால், இந்தப் பக்கம் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன், காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்ததால்.

ஜோதி ஒரு தோலின் முன்னால் தனியாக நின்றிருந்தார். முதலில் தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் கட்டை விரல் போய் ஓரிடத்தில் அழுத்தியது. அப்புறம் இன்னோர் இடத்தில். இடது கை கைப்பைக்குள் போயிற்று. அந்தப் பையில் பஸ் டிக்கெட், சாவி, தலைவலி மாத்திரை, கூடவே ஒரு சாக்பீஸ் துண்டு எப்போதும் இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தக் கலைப் பொருளின் மேல் வெள்ளையாக மூன்று வட்டம் விழுந்துவிட்டது. சுத்தமான, ஒரே இழுப்பில் போட்ட வட்டங்கள். போட்டுவிட்டு அடுத்த தோலுக்குப் போகப் போனவர், அங்கேயே நின்றுவிட்டார். கையில் இருந்த சாக்பீஸைப் பார்த்தார். தான் எங்கே இருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

“அண்ணா,” என்றார் என்னைப் பார்த்து. சாக்பீஸை அவசரமாகப் பைக்குள் போட்டார்.

அதற்குள் செல்வகுமாரின் ஊர்வலம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. மூன்று வட்டத்தைப் பார்த்ததும் அவர் நடை நின்றது.

“ஆங், இதுக்குத்தான் வந்தேன். அதாவது இன்னான்னா, மத்ததெல்லாம் சும்மா. இவன் மனசுல இருக்கறத இங்கதான் சொல்லியிருக்கான். மூணு வட்டம். பெரிசு வானம், நடுவுல பூமி, சின்னது மனுஷன். வட்டத்துக்கு ஆரம்பம் ஏது, முடிவு ஏது? எவ்ளோ படிச்சவன் பாருங்க. ஆறு மாசம் யோசிச்சுப் போட்டிருப்பான்.”

கல்லூரிப் பையன்கள் எழுதினார்கள். யாரோ “சூப்பர்” என்றார்கள். ஜோதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சௌமியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அந்தத் தோலைத் தினமும் பார்த்தவள் அவள். வட்டத்தைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள். விரல் நுனியில் வெள்ளை. அவள் காவலில் இருக்கிற பொருளின் மேல் கிறுக்கல். கிறுக்கியது பெற்ற தாய். அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டிருப்பது பெற்ற தகப்பன். பார்த்துக்கொண்டிருப்பது வேலை கொடுக்கிறவள். அந்தப் பெண்ணின் நிலைமையில் நான் இருந்தால் பின்வாசல் வழியாகப் பாலாற்றில் இறங்கி நடந்திருப்பேன்.

ஜோயா வந்து நின்றாள். “யார் இதைப் போட்டது?”

கூட்டம் தோலை விட்டு ஓரடி பின்வாங்கியது. செல்வகுமாருக்கு மட்டும் கேள்வியே விளங்கவில்லை. “ஆர்ட்டிஸ்ட்டு மேடம்,” என்றார் பெருந்தன்மையாக.

“நான்தாங்க போட்டேன்,” என்றார் ஜோதி. “தப்புதாங்க. கை பழக்கம். நாங்க கம்பெனியில இப்டித்தான். பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க. அவ பாக்கல.”

“நான் பாத்திருக்கணும் மேடம்,” என்றாள் சௌமியா. “என் டூட்டி. இவங்க எங்கம்மா. அவரு எங்கப்பா.”

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று பாருங்கள். செல்வகுமாரின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. வானமும் பூமியும் மனுஷனும் அவர் மனைவியின் கைப்பையிலிருந்து வந்தவை என்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பையன்கள் போனைப் பைக்குள் போட்டார்கள்.

ஜோயா நோட்டைத் திறந்தாள். சௌமியா ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டாள். அம்மாவின் பக்கம் திரும்பினாள். வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி, ‘நீங்கள்’ என்று மரியாதை போட்டுக் கேட்டாள்.

“உங்களுக்கு இதுல என்ன தெரியுது?”

ஜோதி கணவரைப் பார்த்தார். பழக்கம். அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. எனவே ஜோதியே பேச வேண்டியதாயிற்று.

“இது முள்ளுக்கம்பி கீறினது. வேலியில ஒரசியிருக்கும், புண்ணு ஆறி அப்டியே தழும்பாய்டுச்சி. இது உண்ணி கடிச்ச தடம். இது...” சின்ன வட்டத்தைக் காட்டினார். “இது சூடு. மாடு எங்களுதுன்னு காட்ட எவனோ பழுக்கக் காய்ச்சி வெச்சிருக்கான். கண்ணுக்குட்டியா இருக்கச்சொல்லோ வெச்சது. தோலு வளர வளர அதுவும் கூட வளந்திருக்குது. ஷூவுக்கு இது ஆகாது. நான் வட்டம் போட்டா கத்தி சுத்திக்கினு போய்டும். பத்தொம்போது வருஷமா இதுங்களத்தான் பாக்கறேன். கடையில இருக்கற ஷூவுல இதெல்லாம் இருக்காது. யாரும் பாக்கக் கூடாதுன்னுதானே எங்களுக்கு வேலையே.”

மெர்சி முன்னால் வந்தாள். “க்கா, அந்த ஆறாவது தோலு வயித்துப் பக்கம் பாருங்க. மடிப்பு. அது கன்னு போட்ட மாடு.”

“நாலஞ்சு போட்டிருக்கும்,” என்றாள் இன்னொருத்தி.

“இது காளை மாதிரி இருக்குதுடி, கழுத்து பாரு,” என்றாள் மூன்றாவது. உடனே அதற்கு மறுப்பு வந்தது. பதினைந்து பேரும் பன்னிரண்டு தோலுக்கும் பரவினார்கள். ஒவ்வொரு தோலுக்கும் ஒரு மாடு திரும்பி வந்தது. இது நொண்டி, இது வண்டி இழுத்தது, கழுத்தில் காய்ப்பு பார். கூச்சம் போன இடம் தெரியவில்லை. சௌமியா ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தாள். சுற்றுலாவில் செல்பி எடுக்க வந்த பெண்கள் நாற்பது நிமிஷம் அந்தக் கூடத்தை விட்டு நகரவில்லை. எனக்கும் கால் வலி மறந்துவிட்டது, அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் சௌமியா அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். ஜோயா இரண்டடி தள்ளி நின்றாள்.

“சார், உங்களுக்கு இதுல என்ன தெரியுது?”

தொண்டை செருமியது. கைகள் பின்னால் போயின. அந்த அதாவது வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் அந்தத் தோலைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் சதுர அடி சதுர அடியாகக் கப்பலேற்றிய பொருள். மூன்று வட்டத்தைப் பார்த்தார். மனைவியின் விரலைப் பார்த்தார். கைகள் தாமாகவே முன்னால் வந்து தொங்கின.

“தெரியலம்மா,” என்றார்.

ஐம்பத்தாறு வயசில் முதல் தடவை. அந்த வார்த்தைக்கு அவர் வாய் பழகியிருக்கவில்லை, கொஞ்சம் திக்கினார். சௌமியாவின் கண் நிறைந்துவிட்டது. அவள் சட்டப்படி காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “உங்கம்மா கிட்ட கேட்டிருக்கணும்,” என்றார். ஜோயா நோட்டில் எழுதினாள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜோயா பெங்களூருக்கு போன் போட்டாள். அந்தக் கலைஞர் ஆகா, இதுதான் உண்மையான கலை, வட்டம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருப்பார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், அவரும் மனிதர்தான். உலர்ந்த துணியால் துடைத்துவிடச் சொன்னார், கோபமாகத்தான் சொன்னார். ஜோதியே துடைத்தார். தடமில்லாமல் போயிற்று. பதிவேட்டில் சம்பவம் என்று ஒரு வரி ஏறியது. அதன் கீழே சௌமியா கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் ஐந்தரைக்கு அவளை அறைக்குக் கூப்பிட்டு வேலை நிரந்தரம் என்று சொன்னாள் ஜோயா. ஒரு நிபந்தனை உண்டு. குடும்பத்தார் வருகிற நாளில் சௌமியாவுக்கு வாரவிடுமுறை.

திரும்பும் பஸ்ஸில் செல்வகுமார் பேசவே இல்லை. எனக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது, தலையாட்ட ஆளில்லாமல் என் கழுத்தும் சும்மா இருந்தது. ஜோதி ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டார். பஸ் மாதனூரைத் தாண்டியது. செல்வகுமார் என் பக்கம் சாய்ந்தார்.

“சார், நான் தெரியலன்னு சொன்னேன் இல்ல? அதாவது இன்னான்னா...”

ஆம்பூர் வரைக்கும், தான் ஏன் தெரியவில்லை என்று சொன்னார் என்பதை அவர் எனக்கு விளக்கினார்.

இதையெல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு பயம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர், நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டாமா? ஆகவே நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயர் ஊர் எதையும் மாற்றாமல், நீங்கள் படித்த இதே எழுத்தைத்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். இரண்டு இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, தோளில் தட்டினார்.

“பேர மாத்தி என் பேரப் போட்டு எழுதிட்டீங்க, எனக்குத் தெரியாதா? இது நம்ம டெஸ்பாட்ச் காசியப் பத்தினது. அப்டியே அவன்தான் சார்.”

அடுத்த நாள் கடைத்தெருவில் காசியைப் பார்த்தேன். அவரிடமும் கொடுத்துப் பார்த்தேன். அவர் படித்துவிட்டு, நாட்றம்பள்ளியில் இருக்கும் தன் மைத்துனர் பெயரைச் சொன்னார்.

உங்களுக்கும் படிக்கும்போதே ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். மறைக்காதீர்கள், இரண்டாம் பாராவிலேயே வந்திருக்கும். நல்லது. இதை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் படிக்கக் கொடுங்கள். படித்து முடித்ததும் அவருக்கு யார் முகம் நினைவுக்கு வந்தது என்று கேளுங்கள். தைரியம் இருந்தால் மட்டும் கேளுங்கள்.